குழலை நேராக வைத்து ஒட்டினேன்

நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாண் நீளம் வரும். என் மனைவியின் தையல் மெஷின் பலகையில் அதை வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு டீ டம்ளரையும் வைக்கலாம். பதினான்கு வருடம் அப்படிப்பட்ட டாங்கிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். குறிபார்த்துச் சுடுவது என் பொறுப்பு. என் இடம் மேலே, சுற்றுகிற தலைப்பகுதிக்குள், பீரங்கிக் குழலுக்கு இடப்பக்கம். அந்தத் தலைப்பகுதியை நாங்கள் டரட் என்போம். எனக்கு வலப்பக்கம் வண்டியின் தலைவர். கீழே, முன்னால், நடுவில் தனியாக டிரைவர். மொத்தம் மூன்று பேர்தான்.

ஓய்வு பெற்று மாரண்டஹள்ளிக்கு வந்து தக்காளி போட்டேன். தக்காளி விலை ஏறினாலும் எனக்குக் கோபம், இறங்கினாலும் கோபம். வீட்டில் எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டே திரிந்தேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள், "அப்பா கைக்கு எதாவது வேலை குடுக்கணும்மா, இல்லன்னா உன்னத்தான் வம்புக்கு இழுப்பாரு" என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு ஜீப் மாடல் பெட்டியை வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக இருக்கும். வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். முதல் ஜீப்பின் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடவே இல்லை. இரண்டாவதைச் சரியாகச் செய்தேன். பிறகு ஒரு லாரி, ஒரு பீரங்கி, ஒரு ஆம்புலன்ஸ். மூன்று வருடத்தில் அலமாரியில் ஒரு தட்டு நிறைந்தது.

"எல்லா வண்டியும் செஞ்சீங்க. நீங்க உக்காந்த வண்டிய மட்டும் செய்யலியே?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அதன் செயின் பட்டையை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும், அதற்கு என்னிடம் பொறுமை இல்லை என்றேன். பொறுமை இல்லாதது உண்மை. காரணம் அது இல்லை.

போன ஆடி மாதம் இண்டூரிலிருந்து போன் வந்தது. என்னுடைய டாங்கியை ஓட்டியவனின் மனைவி. அவன் பயிற்சியின்போது இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நானும் அவனும் தருமபுரி மாவட்டம், ஒரே வண்டி. அவன் என்னை அண்ணா என்பான். அவன் போன பிறகு அவளும் அண்ணா என்றே கூப்பிட்டாள். ஒவ்வொரு வருடமும் அவன் இறந்த நாளில் அவர்கள் வீட்டில் படையல் போடுவார்கள். நான் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

"அண்ணா, உங்க ஸ்டேட்டஸ்ல ஜீப்பு பாத்தேங்கண்ணா. நீங்களே செஞ்சதுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு ஓட்டுன வண்டியும் செய்ய முடியுங்களா? படையலுக்கு வருசா வருசம் அவருக்குப் புடிச்சத வெக்கறோம். பீடிக்கட்டு, காராசேவு, தொப்பி எல்லாம் வெக்கறோம். வண்டிய வெச்சதில்ல. அவருக்கு வண்டின்னா உசுருங்களே."

செய்யலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"உள்ள ஆளு பொம்மை வேண்டாங்கண்ணா. அவருதான் படத்துல இருக்காரே. வண்டி போதும். ஆனா ஒண்ணுங்க. அவரு தலைக்கு மேல ஒரு கதவு இருக்கும்னு சொல்லியிருக்கீங்களே, அது தொறந்து மூடறாப்புல இருக்கணும்."

"அது எதுக்கும்மா?"

"பாக்கணுங்கண்ணா. ஒன்பது வருசமா அத ஒருக்கா பாக்கணும்னு இருக்குது."

போனை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனேன். அவள் ஏன் பார்க்க ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

வடக்கே பாலைவனத்தில் பயிற்சி. காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு வாய்க்கால் கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஓடும்போது குழலை நேராக வைத்துப் பூட்டியிருக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். காரணமும் சொல்லித்தான் கொடுப்பார்கள். டிரைவரின் மூடி குழலுக்கு அடியில் இருக்கிறது. குழல் நேராக நின்றால் மூடி தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் விலகும். குழல் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பித் தாழ்ந்து நின்றால் மூடி அதில் இடிக்கும். திறக்காது.

நான் பூட்டை எடுத்துவிட்டேன். தலைவர் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோவில் வேறு வண்டியோடு பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. எதிரி வரவில்லை, உத்தரவும் வரவில்லை. குறிபார்க்கும் கண்ணாடியில் ஓர் ஆட்டுக்கூட்டம் தெரிந்தது. அவ்வளவுதான். ஊருக்கு வந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் நெற்றியில் வெள்ளை விழுந்த கறுப்பாடு ஒன்று. எங்கள் வீட்டில் அதே மாதிரி ஒன்று இருந்தது. அந்தக் கண்ணாடி டரட்டோடுதான் திரும்பும். ஆடு இடப்பக்கம் போனது, நானும் இடப்பக்கம் திருப்பினேன். ஆடு மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கியது, நானும் குழலைத் தாழ்த்தினேன்.

காதில் மாட்டியிருந்த வண்டி போனில், கீழே ஓட்டிக்கொண்டிருந்த அவன் கேட்டான்.

"அண்ணா, மேல என்ன சுத்தறீங்க? என்ன தெரியுது?"

"ஆடுடா. எங்க வூட்டு ஆடாட்டமே இருக்குது."

"புடிச்சு ஏத்துங்கண்ணா. சாயந்தரம் ஆக்கிடலாம்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்போதுதான் கரை இடிந்தது.

வண்டி மூக்கு கீழாக வாய்க்காலுக்குள் இறங்கி, சேற்றில் குத்தி நின்றது. இன்ஜின் அணைந்தது, கரண்டும் போனது. முன்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தலைவர் தன் வழியாக வெளியே ஏறினார். நான் என் வழியாக ஏறினேன். ஏறி நின்று மூச்சு விட்ட பிறகு, கீழே இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். அவன் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தள்ளலுக்கும் மூடி குழலில் இடித்தது. அப்போதுதான் ஆடு நினைவுக்கு வந்தது.

திரும்ப உள்ளே இறங்கினேன். கரண்ட் இல்லாதபோது டரட்டைத் திருப்ப ஒரு கைச்சக்கரம் உண்டு. வண்டி சாய்ந்து கிடந்ததால் அது நகரவே மறுத்தது. எவ்வளவு நேரம் சுற்றினேன் என்று எனக்குத் தெரியாது. சுற்றிக்கொண்டே இருக்கும்போது தட்டுகிற சத்தம் நின்றது. குழல் விலகி, மூடியைத் திறந்து அவனை எடுத்தோம். பிரயோஜனம் இல்லை.

விசாரணையில், வண்டி சரிந்த வேகத்தில் டரட் தானாகத் திரும்பியிருக்கும் என்று சொன்னேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது. தெரிந்த இன்னொருவனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியோடு நான்தான் இண்டூர் வந்தேன். அவன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். "மூடியத் தொறக்க முடியலைங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

அண்ணன் நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். துக்கம் அவருக்குக் கோபமாக மாறியது. கோபத்தைக் காட்ட ஆள் இல்லாததால் செத்தவன் மேலேயே காட்டினார். கல்யாண வீட்டிலோ காது குத்திலோ யாராவது கேட்டால், "பதட்டக்காரப் பையன். தலைக்கு மேல இருக்கற கதவத் தொறக்கத் தெரியாம செத்தான்" என்பார். கூட இருந்த ரெண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்களே, இவன் மட்டும் ஏன் வரவில்லை என்பது அவர் கணக்கு. ஒரு படையலின்போது என் முன்னாலேயே சொன்னார். நான் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ரசம் ஊற்ற வந்தவள், ஊற்றாமலே திரும்பிப் போனாள்.

ஒரே கொட்டாய் வீட்டில், ஒரே வாசலில், ஒன்பது வருடமாக அவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் புருஷன் கோழையா, கதவு திறக்கத் தெரியாதவனா என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் திறந்து மூடுகிற கதவு.

மகள் டாங்கிப் பெட்டியை வாங்கி அனுப்பினாள். எங்கள் வண்டியேதான். பெட்டியைத் திறந்ததும் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். நான் கைவேலை தெரிந்தவன் இல்லை, பிடிவாதக்காரன். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, மெஷின் பலகை முன்னால் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டேன். மனைவியின் ரவிக்கைத் துணிகள் கட்டில்மேல் குவிந்தன. "உங்க சண்டையெல்லாம் முடிஞ்சு எப்ப எனக்கு மெஷினத் தருவீங்க?" என்று அவள் தினமும் கேட்டாள்.

செயின் பட்டைக்கு ஒரு பக்கத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல் கண்ணிகள். ஒவ்வொன்றும் அரிசி அளவு. நகவெட்டியால் வெட்டி, பூதக்கண்ணாடி வைத்துத் தேய்த்துக் கோத்தேன். இழுவைக் கம்பிக்குத் தாமிர நூலை முறுக்கினேன். பெட்டியில் வந்த துண்டுகள் போதாதென்று, பேனா ரீபிள் ஸ்பிரிங்கை வெட்டி விளக்குகளுக்குக் காவல் கம்பி வைத்தேன். எங்கள் வண்டியின் வலப்பக்கப் பெட்டி ஒன்று ஒருமுறை மரத்தில் இடித்து நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலையும் மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி அப்படியே கொண்டுவந்தேன். அவன் தன் மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு சின்ன வேல் வரைந்து வைத்திருந்தான். அதையும் ஊசி முனையில் வரைந்தேன். ஒன்பது வருடமாக மறக்கப் பார்த்த வண்டி, ஒரு ஆணி விடாமல் எனக்கு நினைவிருந்தது.

பாலைவனத் தூசிக்கு என்ன செய்வது என்று யோசித்து, அடுப்படியிலிருந்த கேழ்வரகு மாவை எடுத்துப் பசைத் தண்ணீரில் கலந்து தூவினேன். நிறம் கச்சிதமாக வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் டாங்கி முழுக்க எறும்பு. டிரைவர் மூடி வழியாக உள்ளே போய் வால்பக்கம் வழியாக வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. "மிலிட்டரிக்காரரு டேங்குக்குக் களி கிண்டி வெச்சிருக்காரு" என்று மனைவி பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுவதும் கழுவித் துடைத்து, பிறகு ஏரி வண்டலைக் காயவைத்து அவளுடைய பழைய புடவையில் சலித்துத் தூவினேன்.

மூடிக்குத்தான் அதிக நாள் ஆனது. பெட்டியில் வரும் மூடியைத் திறந்தபடியோ மூடியபடியோ ஒட்டத்தான் முடியும், அசையாது. தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பியைத் தேடி, சூடாக்கிய ஊசியால் துளை போட்டு, அது தூக்கிப் பக்கவாட்டில் விலகுகிற மாதிரி செய்தேன். நகத்தால் தொட்டால் போதும், திறக்கும். நான்கு முறை உடைத்து ஐந்தாவது முறை சரியாக வந்தது. உண்மை வண்டியில் எப்படித் திறக்குமோ அப்படியே திறந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டரட். மாடலில் அது ஒட்டக்கூடாத துண்டு. அடியில் இரண்டு சிறு காதுகள் இருக்கும், குழிக்குள் வைத்துத் திருகினால் உட்கார்ந்து சுற்றும். பிள்ளைகளுக்குக்கூட அதைத்தான் முதலில் சுற்றிப் பார்க்கத் தோன்றும். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குழியைச் சுற்றிப் பசை தடவி, குழலை நேராக வைத்து அழுத்திப் பிடித்தேன். நூறு எண்ணினேன்.

"இது சுத்தாதாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பஸ்ல கொண்டுபோறப்ப கழண்டு விழும்" என்றேன்.

அவளுக்கும் நான் எதையும் சொன்னதில்லை.

படையலுக்கு நான்கு நாள் முன்னால் இண்டூரிலிருந்து அவன் மனைவியே டாங்கியை எடுத்துப்போக வந்தாள். தருமபுரிக்கு வந்து, அங்கிருந்து பாலக்கோடு பஸ் பிடித்து, மாறி வந்திருந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் வைக்கப் பழைய பஞ்சு. மனைவி காபி போட உள்ளே போனாள். நான் டாங்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

முதலில் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நசுங்கிய பெட்டியைக் காட்டினேன். செயினைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "கதவு எதுங்கண்ணா?" என்றாள்.

காட்டினேன். ஆள்காட்டி விரல் நகத்தால் மூடியைத் தொட்டாள். அது தூக்கிக்கொண்டு விலகியது. அதன் உள்பக்கத்தில் இருந்த சின்ன வேல் படத்தைப் பார்த்தாள். "இது அவரு போட்டதுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். மூடினாள். மறுபடி திறந்தாள். மூடினாள். ஐந்தாறு முறை அப்படியே செய்தாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் முகம் மாறியதை மெதுவாகத்தான் கவனித்தேன்.

"இவ்ளோ லேசாத் தொறக்குதுங்களே."

நான் செயினில் இருந்த தூசியை ஊதினேன்.

"நெசத்துலயும் இப்பிடித்தான் தொறக்குங்களா?"

"அது... கொஞ்சம் கனமா இருக்கும்மா."

"கனமாவே இருக்கட்டுங்க. மூட்டை தூக்கற ஆளுதானே அவரு." மூடியை விட்டுக் கையை எடுத்தாள். "அப்ப பெரியவரு சொல்றது சரிதாங்களா? அவருக்குத் தொறக்கத் தெரியலீங்களா? பயந்துட்டாரா?" அழவில்லை. ஒன்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த எதையோ கீழே வைக்கிற மாதிரி, "போவுதுங்க. தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். அட்டைப்பெட்டியைத் திறந்து பஞ்சைப் பரப்பத் தொடங்கினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பசை தடவினேன். அந்தப் பசை அவனைக் கோழையாக்கிவிட்டது. அண்ணன் வாயால் சொன்னதை நான் இரண்டு மாதம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒரு ஆணி விடாமல் செய்து கொடுத்திருந்தேன். அவன் மூடியைத் தள்ளிக்கொண்டேதான் செத்தான். கடைசிவரை தள்ளினான். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான்.

"இரும்மா" என்றேன்.

டாங்கியை இடது கையில் பிடித்து, வலது கையால் டரட்டைத் திருகினேன். பசை விடவில்லை. இன்னும் பலமாகத் திருகியபோது படீரென்று விட்டது. அடியில் இருந்த காதுகள் இரண்டும் உடைந்து பலகையில் விழுந்தன. அவள் பதறி, "ஐயோ, ஏங்கண்ணா உடைக்கறீங்க?" என்றாள். காபியோடு வந்த மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

டரட்டைத் திரும்பக் குழியில் வைத்து, குழலைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். நுனியைத் தாழ்த்தினேன். டாங்கியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இப்பத் தொறம்மா."

நகத்தால் தொட்டாள். மூடி எழுந்து குழலில் இடித்தது. டக். மறுபடி தொட்டாள். டக். மூன்றாவது முறை விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இப்பிடித்தான் இருந்துச்சு" என்றேன். "அவன் தொறந்தான்மா. தள்ளிக்கிட்டே இருந்தான். எனக்குக் கேட்டுச்சு. பயந்தவன் அப்பிடித் தள்ள மாட்டான்."

விரலை எடுத்துக்கொண்டு, "இத யாரு திருப்புனாங்க?" என்றாள்.

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டையும் சொன்னேன். ஒரு போரில், ஒரு அவசரத்தில் திருப்பினேன் என்று சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். ஆட்டைப் பார்க்கத் திருப்பினேன். முதலில் நான் வெளியே ஏறினேன், பிறகுதான் நினைவு வந்தது. விசாரணையில் தானாகத் திரும்பியது என்றேன். எதையும் விடவில்லை. மனைவி டம்ளர்களைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே கேட்டாள்.

அவன் மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் அந்தச் சின்னக் குழலை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, நேராகத் திருப்பி வைத்தாள். மூடியைத் திறந்தாள். திறந்தபடியே விட்டாள்.

"இப்பிடியே கொண்டுபோறேன். கதவு தொறந்தே இருக்கட்டும்" என்றாள். பெட்டியில் வைத்துப் பஞ்சால் அண்டை கொடுத்தாள். எழுந்து நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இந்த வருசம் நீங்க படையலுக்கு வர வேண்டாம்."

அண்ணா என்று சொல்லவில்லை. காபியைக் குடிக்காமல் போனாள்.

அன்று மாலை வரை மனைவி மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து, "ஒன்பது வருசமா அங்க போய் எப்பிடிங்க சோறு தின்னீங்க?" என்று கேட்டாள்.

படையல் அன்று மனைவி மட்டும் போனாள். நான் தோட்டத்தில் களை பிடுங்கினேன். பிடுங்கிய இடத்திலேயே மறுபடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். நாலு மணி பஸ்ஸில் அவள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். டாங்கியைப் படத்துக்கு நேர் எதிரில், வாசலைப் பார்த்து வைத்திருந்தார்களாம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல ஏதோ ஆரம்பித்தாராம். இலை போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்து, எல்லார் முன்னாலும் முதல்முறையாக அவரிடம் எதிர்த்துப் பேசினாளாம். "அவருக்குத் தொறக்கத் தெரியாம இல்லீங்க. வெளியில அடைச்சிருந்துச்சு. உள்ள இருந்து சாவற வரைக்கும் தள்ளியிருக்காரு. இனிமே அந்தப் பேச்ச யாரும் பேசக் கூடாது."

"யாரு அடைச்சதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. உங்க பேர அவ எடுக்கல."

"ஏன்?"

"என்னக் கேட்டா? அவ எடுக்கல, அவ்வளவுதான்."

அது மன்னிப்பு என்று ஒரு நாள் முழுக்க நம்பப் பார்த்தேன். மன்னித்திருந்தால் படையல் சோற்றில் ஒரு பிடி கொடுத்து அனுப்பியிருப்பாள். வராதவர்களுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். மனைவியின் கூடை வெறுமையாக வந்தது. யாருடைய பேர் எடுக்கப்படவில்லையோ அவனே வந்து சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறாள். எனக்கு அப்படித்தான் பட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இண்டூர் போனேன். அண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க, நேத்து வரலியே?" என்று எழுந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். முன்தினம் இரவு முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன், அதில் பாதிகூட வரவில்லை. குழலைத் திருப்பியது நான், உங்கள் தம்பி மேல் தப்பு இல்லை, என்பது மட்டும் வந்தது.

அவர் கையில் கொடுவாள் இருந்தது. அதைத் தட்டுக்கட்டின் மேல் வைத்தார். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் அப்போது ஒன்றும் இல்லை. வயதானவராகத் தெரிந்தார். "நான் அவன என்னென்ன சொன்னேன் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். படத்தின் முன்னால் பூ வாடியிருந்தது, டாங்கி அப்படியே இருந்தது, மூடி திறந்திருந்தது. அடுப்படி வாசலில் அவள் நின்றாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து டாங்கியை என் பக்கம் நகர்த்தினார்.

"காட்டு" என்றார்.

மூடியை மூடினேன். குழல்மேல் விரலை வைத்து, இடப்பக்கம் திருப்பினேன்.